பகுத்தறிவைப் பயிற்சியா சொல்லித்தர முடியுமா? – நாலு கட்டம், ஒரு பாம்புக்கடி, ஒரு வட்டிக் கணக்கு

"மக்களைப் பகுத்தறிவோட யோசிக்க வைக்கணும், வாழ்க்கையில நல்ல முடிவு எடுக்க வைக்கணும்." இப்படி ஒரு நோக்கத்தோட லாப நோக்கம் இல்லாத அமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சா, திங்கட்கிழமை காலையில அந்த அமைப்பு என்ன வேலை பாக்கும்? எனக்கு ரொம்ப நாளா இருக்குற கேள்வி இது. நோக்கத்தை எழுதுறது சுலபம். செயல்திட்டம் எழுதும்போதுதான் சிக்கல் வரும். யாருக்கு, எதை, எப்படிச் சொல்லித்தரப் போறோம்? பலன் இருந்துச்சானு எப்படித் தெரிஞ்சுக்கப் போறோம்?

நான் படிச்சது பி.இ., வேலை சாஃப்ட்வேர். உளவியலோ சமூகவியலோ முறையா படிச்சவன் இல்லை. ஆனா இருக்கிறது திருவள்ளூர் மாவட்டத்துல. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், உருக்காலைகள், ஷிஃப்ட் பஸ்கள். இன்னொரு பக்கம் செங்கல் சூளை, வயல், பழவேற்காடு ஏரி. பகுத்தறிவுங்கிறது இந்த ரெண்டு பக்கத்துக்கும் உதவணும். அதை மனசுல வெச்சுக்கிட்டு படிச்சதைத் தொகுத்து எழுதின குறிப்பு இது.

ரெண்டு அமைப்புகள்

தமிழ்நாட்டுல இந்த வேலையை நெடுநாளா செய்துட்டு வர்ற அமைப்பு தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980-ல சென்னையில விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஆரம்பிச்சது. அதுக்கு முன்னோடி 1962-ல தொடங்கின கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களோட கடமைனு 1976-ல 42-வது திருத்தத்துல அரசியலமைப்புச் சட்டத்துலயே சேர்த்தாங்க, 51ஏ பிரிவுல. சட்டத்துல எழுதிட்டாங்க. ஆனா அந்த மனப்பான்மையை எப்படி வளர்க்குறதுனு சட்டம் சொல்லாது. அது இந்த மாதிரி இயக்கங்களோட வேலையாச்சு.

இன்னொரு அமைப்பு அமெரிக்காவுல, பெர்க்லியில இருக்கு. பேரு 'சென்டர் ஃபார் அப்ளைடு ரேஷனாலிட்டி'. 2012-ல ஆரம்பிச்சது. இவங்க மூடநம்பிக்கை பக்கமே போகல. "படிச்சவங்களும் புத்திசாலிகளும்கூட சொந்த வாழ்க்கையில மோசமா முடிவெடுக்கறாங்களே, அதைப் பயிற்சி மூலமா சரிபண்ண முடியுமா?" இதுதான் இவங்க கேள்வி. நாலு நாள் பட்டறை, கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்.

ரெண்டும் ஒரே நோக்கம் போலத் தெரியும். ஆனா வழி வேற. முதல்ல நம்ம ஊர் வழியைப் பாக்கலாம்.

மேடையில உடையுற மாயம்

'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சியை நிறைய பேர் பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்க. நெருப்பு வைக்காமலே யாகம் பத்திக்கும். அது பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல கிளிசரின் ஊத்தறது. மஞ்சள் தடவின எலுமிச்சம்பழத்தைச் சுண்ணாம்பு தடவின கத்தியால வெட்டினா 'ரத்தம்' வரும். அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா வர்ற சிவப்பு. இலங்கையில ஆபிரகாம் கோவூர் 1963-லயே, ஏமாத்து இல்லாத சூழல்ல ஒரு அற்புதம் செஞ்சு காட்டினா ஒரு லட்சம் ரூபாய் தர்றேன்னு சவால் விட்டார். 1978-ல அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கல.

இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ரகசியம் தெரிஞ்ச உடனே பயம் போயிடும். ஒரு குறையும் உண்டு. குழந்தை கத்துக்கிட்டது "எலுமிச்சம்பழ ரத்தம் பொய்" என்பதை. அடுத்த மாசம் புது வேஷத்துல வேற ஒண்ணு வந்தா, அதைச் சோதிக்க என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியாது. விடை கிடைச்சுது, வழிமுறை கிடைக்கல.

1995 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கா? பிள்ளையார் பால் குடிச்ச நாள். அன்னைக்கு டெல்லியில விஞ்ஞானிகள் செஞ்சது எனக்குப் பிடிச்ச விஷயம். பாலில் நிறம் கலந்து கொடுத்தாங்க. வெள்ளைப் பால் சிலை மேல மெல்லிய படலமா வழிஞ்சா கண்ணுக்குத் தெரியாது, நிறம் கலந்தா வழியறது பளிச்சுனு தெரிஞ்சுடும். பரப்பு இழுவிசைதான் பாலைக் கரண்டியிலிருந்து இழுக்குதுங்கிறது விளக்கம். ஆனா அந்த விளக்கத்தைவிட முக்கியமானது அவங்க எடுத்த சின்ன நடவடிக்கை: ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பார்த்தாங்க. நாங்க பக் பிடிக்கும்போது செய்யறதும் இதேதான். அதை ஒரு அஞ்சாம் வகுப்புப் பொண்ணும் செய்யலாம்.

அதனால என் அளவுகோல் இது: ஒரு அமைப்பு கொடுக்குற விஷயம், அடுத்த தடவை அவங்க இல்லாதப்பவும் சாதாரண ஆள் கையில வேலை செய்யணும். மூணு கருவிகளை இந்த அளவுகோல்ல வெச்சுப் பாக்குறேன்.

முதல் கருவி: நாலு கட்டம்

திருவள்ளூர் மாவட்டத்துல பாம்புக்கடி கற்பனை இல்ல. சூளையில, வயல்ல, ஏரிக்கரையில வேலை பாக்குறவங்களுக்கு அது தினசரி ஆபத்து. கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போறதா, மந்திரிக்கிறவர்கிட்ட போறதா? "எங்க தாத்தா காலத்துலேர்ந்து அவர்கிட்டதான் போறோம், நூத்துல தொண்ணூறு பேர் பிழைச்சிருக்காங்க" என்பாங்க. இதை "மூடநம்பிக்கை"னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா அவங்க பொய் சொல்லல. நிஜமாவே தொண்ணூறுக்கு மேல பிழைச்சிருப்பாங்க!

எப்படி? உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கைப் பாருங்க. உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்குது. அதுல உடம்புல விஷம் ஏறுறது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. இறக்கறது 81,000 முதல் 1,38,000 பேர். இதை நூறு பேர் கணக்கா மாத்துங்க. 100 பேரைக் கடிச்சா, 50 முதல் 67 பேருக்கு விஷமே ஏறல. ஒண்ணு கடிச்சது விஷமில்லாத பாம்பு, இல்லைனா விஷப்பாம்பு விஷம் செலுத்தாம கடிச்சிருக்கு. இறக்கறது ரெண்டு பேர் அளவுதான். இந்தக் கணக்குல ஆஸ்பத்திரிக்குப் போனவங்களும் அடக்கம், அதனால சிகிச்சையே இல்லாத இடத்துல இறப்பு இன்னும் அதிகமா இருக்கும். இருந்தாலும், எதுவுமே செய்யாத ஒருத்தர் எல்லாரையும் தொட்டு அனுப்பினாலே, பாதிப் பேருக்கு மேல நல்லா நடந்து வீட்டுக்குப் போவாங்க. அவருக்குப் பேரும் கிடைச்சுடும்.

இப்போ ஒரு பேப்பர்ல நாலு கட்டம் போடுங்க. மேல வரிசை: மந்திரிச்சுப் பிழைச்சவங்க, மந்திரிச்சும் இறந்தவங்க. கீழ வரிசை: மந்திரிக்காம பிழைச்சவங்க, மந்திரிக்காம இறந்தவங்க. ஊர் ஞாபகத்துல இருக்குறது முதல் கட்டம் மட்டும்தான். ரெண்டாவது கட்டத்துக்கு "லேட்டா கொண்டுவந்தீங்க", "விதி முடிஞ்சுது"னு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மூணாவதையும் நாலாவதையும் யாருமே எண்ணல. நாலையும் நிரப்பாம மந்திரம் வேலை செய்யுதா இல்லையானு யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி கேட்கத் தெரிஞ்சவங்க இதுல இன்னொண்ணையும் கண்டுபிடிப்பாங்க. விஷம் ஏறாத 50-67 பேருக்கு எந்த முடிவு எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. மீதி 33-50 பேருக்குத்தான் நேரம் உயிர். ஆனா கடிச்ச நிமிஷத்துல நாம எந்தப் பக்கம்னு நமக்குத் தெரியாது. கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்துல கடிச்சா பெருசா வலியே இருக்காது, சில மணி நேரம் கழிச்சுதான் கண் இமை சொருகும், மூச்சு திணறும். அதனாலதான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் இறந்ததா 2000 முதல் 2019 வரைக்குமான பெரிய ஆய்வு ஒண்ணு மதிப்பிட்டிருக்கு. 2030-க்குள்ள இதைப் பாதியாக்க 2024-ல மத்திய அரசு ஒரு தேசிய செயல்திட்டம் வெளியிட்டுது. இன்னொரு தகவல். விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்துல பெரும்பகுதி, பக்கத்துல செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில இருக்குற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துல இருந்து போகுது. 1978-ல ஆரம்பிச்ச சங்கம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. "பழங்குடி அறிவு ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம்"னு கோடு போடறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நாட்டோட மருந்துக்கு முதல் கண்ணியே இருளர் கையில இருக்கு.

ரெண்டாவது கருவி: பெருக்கிப் பாரு

நாலு கட்டம் எல்லா இடத்துலயும் உதவாது. உதாரணம், மாச வட்டித் திட்டம்.

ஆருத்ரா கோல்டு வழக்கு நினைவிருக்கும். மாசம் 25, 30 சதவீதம் வரைக்கும் வட்டினு ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேர்கிட்ட ரூ.2,438 கோடி வாங்கினதா பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொல்லுது. 2022-ல வழக்கு வந்துச்சு. இந்த மாதிரி திட்டம் ஓடும்போது நாலு கட்டம் போட்டா என்ன ஆகும்? "சேர்ந்து பணம் வந்தவங்க" கட்டம் நிறைஞ்சிருக்கும். "சேர்ந்து பணம் போனவங்க" கட்டம் காலியா இருக்கும். ஏன்னா முதல்ல சேர்ந்தவங்களுக்கு அடுத்து சேர்றவங்க பணத்தைத்தான் கொடுப்பாங்க. டீக்கடையில "என் மச்சானுக்கு மாசாமாசம் கரெக்டா வந்துச்சு"னு ஒருத்தர் சொன்னா, அது உண்மையாத்தான் இருக்கும். சாட்சி முழுக்க உண்மை, முடிவு முழுக்கத் தப்பு.

இங்க வேற கருவி வேணும். மாசம் 30 சதவீதம்னா, வர்ற வட்டியையும் அதுலயே திரும்பப் போட்டா ஒரு லட்சம் ஒரு வருஷத்துல சுமார் 23 லட்சம் ஆகும். ரெண்டு வருஷத்துல 5 கோடியே 40 லட்சத்தைத் தாண்டும். மொபைல் கால்குலேட்டர்ல 1.3-ஐ 12 தடவை பெருக்கிப் பாருங்க. இப்படி ஒரு தொழில் நிஜமா இருந்தா, அவர் ஏன் பேங்க்ல வருஷத்துக்கு 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கி தானே பணக்காரர் ஆகல? நம்ம பி.எஃப். பணத்துக்கு ஏன் வரணும்?

ரெண்டு உதாரணத்தையும் சேர்த்துப் பாருங்க. ஒண்ணுல ஊர்ல யாரும் எண்ணாத ஆட்களை எண்ணணும். இன்னொண்ணுல ஆட்களை விட்டுட்டு எண்களைப் பெருக்கணும். "பகுத்தறிவா இரு"னு சொன்னா இந்த வித்தியாசம் தெரியாது. கருவியைக் கையில கொடுத்து, எது எங்கன்னு பழக்கணும்.

மூணாவது கருவி: முடிவை முன்னாடியே எடுத்து வை

இங்கதான் பெர்க்லி அமைப்புகிட்ட நாம எடுத்துக்கக்கூடிய விஷயம் இருக்கு. அவங்க பாடத்துல முக்கியமான ஒண்ணு, "இப்படி நடந்தா, இப்படிச் செய்வேன்"னு வாக்கியமா எழுதி வெச்சுக்கறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரோட ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 2006-ல அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. வெறுமனே "செய்யணும்"னு நினைக்கறவங்களைவிட, எப்போ எங்கே எப்படினு முன்கூட்டியே முடிவு பண்ணினவங்க கணிசமா அதிகம் செஞ்சு முடிச்சாங்க.

பாம்புக்கடிக்கு இது எவ்வளவு பொருந்துது பாருங்க. ராத்திரி பதினோரு மணிக்கு, வீடே கத்திட்டிருக்கும்போது, யாராலயும் நாலு கட்டம் போட முடியாது. அந்த நேரத்துல பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன சொல்றாரோ அதுதான் நடக்கும். அதனால முடிவைப் பகல்லயே எடுக்கணும். "கடிச்சா ஓட வெக்க மாட்டோம். கை கால்ல மோதிரம், கொலுசு, வளையல் கழட்டிடுவோம். கடிச்ச கை காலை அசையாம குச்சி வெச்சு லேசா கட்டுவோம். இறுக்கிக் கட்ட மாட்டோம், கீற மாட்டோம், உறிஞ்ச மாட்டோம். 108-க்கு போன் பண்ணுவோம்." இதோட ஒரு வரி சேர்க்கணும். பொன்னேரியா, கும்மிடிப்பூண்டியா, திருவள்ளூரா, நமக்குக் கிட்ட இருக்குற எந்த அரசு ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து இருக்குனு இப்பவே கேட்டு, அந்தப் பேரை எழுதி வைக்கணும்.

பணத்துக்கும் இதே வழிதான், கேரி க்ளைன் சொன்ன உத்தி இன்னொண்ணையும் சேர்த்துக்கலாம். "ஒரு வருஷம் ஆச்சு, பணம் மொத்தமும் போயிடுச்சு. எப்படிப் போச்சு?"னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி குடும்பத்தோட உட்கார்ந்து கற்பனை பண்ணறது. "போகுமா?"னு கேட்டா எல்லாரும் "போகாது" என்பாங்க. "போயிடுச்சு, ஏன்?"னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. கேள்வியை மாத்தினதுமே வாயடைச்சு உட்கார்ந்திருந்த மருமகளும் பேச ஆரம்பிப்பாங்க.

நம்ம இயக்கம் நல்லா செஞ்ச இடம்

இப்போ திரும்பி அறிவியல் இயக்கத்துக்கு வர்றேன். மேடை நிகழ்ச்சியைவிட எனக்கு அதிகம் படற வேலைகள் வேற. ஒண்ணு, ஆரோக்கிய இயக்கம். கிராமத்துப் பெண்கள் தன்னார்வலர்களா வீடு வீடா போய் குழந்தைகளை எடை போட்டு, அந்த எடையை வெச்சு அம்மாக்களோட பேசினாங்க. "சத்தான ஆகாரம் கொடுங்க"னு பொதுவா சொல்றதுக்கும், "உங்க பொண்ணு மூணு மாசமா எடை ஏறல"னு காட்டறதுக்கும் நடுவுல மலை அளவு வித்தியாசம் இருக்கு.

இன்னொண்ணு தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993-லேர்ந்து நடக்குது, தமிழ்நாட்டுல அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்குது. 10 முதல் 17 வயசுக் குழந்தைகள் குழுவா சேர்ந்து, சொந்த ஊர் பிரச்சினை ஒண்ணை எடுத்து, தாங்களே அளந்து, கணக்கெடுத்து, அறிக்கை எழுதறாங்க. அதுதான் நாலு கட்டப் பழக்கம், வேற பேருல.

மூணாவது அறிவொளி. 1990-கள் தொடக்கத்துல புதுக்கோட்டையில கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்துல நடந்தது. எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தாங்க. சைக்கிள் பகுத்தறிவு இல்லையேனு கேக்கலாம். ஆனா தானே பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாத பெண்ணுக்கு, நல்ல முடிவு தெரிஞ்சும் என்ன பிரயோஜனம்? முடிவெடுக்கறதுல பாதி யோசனை, பாதி வழி. பெர்க்லி பட்டறைக்கு வர்றவங்ககிட்ட கார் இருக்கு, அதனால அவங்க பாடத்துல இந்தப் பாதி இல்ல.

அமைப்புக்கும் நாலு கட்டம்

இப்போ கடைசிக் கேள்வி. பலன் இருக்கானு எப்படித் தெரியும்?

பெர்க்லி அமைப்பு 2015-ல தங்கள் பட்டறையில கலந்துகிட்டவங்களை ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டு ஆய்வு வெளியிட்டாங்க. வாழ்க்கைத் திருப்தி மாதிரி சில விஷயங்கள்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. அளந்து பார்த்ததுக்கே பாராட்டணும், பெரும்பாலான அமைப்புகள் அதுகூட செய்யறதில்ல. ஆனா பட்டறைக்கு வராத அதே மாதிரி ஆட்களோட ஒப்பிடல. கீழ வரிசை ரெண்டு கட்டமும் காலி. மந்திரிக்கிறவர்கிட்ட நாம கேட்ட அதே கேள்விதான் இங்கயும். நாலு நாள் லீவு போட்டு, பணம் கட்டி, தன்னை மாத்திக்கணும்னு வந்தவர் பட்டறை இல்லாட்டியும் முன்னேறி இருப்பாரோ என்னவோ!

ஒப்பீட்டோட அளந்த உதாரணமும் இருக்கு. அமெரிக்க உளவு ஆராய்ச்சி அமைப்பு 2011 முதல் 2015 வரை நடத்தின கணிப்புப் போட்டியில, பிலிப் டெட்லாக் குழு ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களை வெச்சு உலக நிகழ்வுகளைக் கணிச்சாங்க. அதுல ஒரு பகுதியினருக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி கொடுத்தாங்க. "இந்த மாதிரி விஷயம் பொதுவா எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும்னு முதல்ல பாரு" மாதிரி எளிய விதிகள்தான். பயிற்சி வாங்கினவங்க கணிப்பு சுமார் 10 சதவீதம் மேம்பட்டுது. சின்ன எண்தான். ஆனா நாலு கட்டமும் நிரப்பிக் கிடைச்ச எண், அதனால நம்பலாம்.

ஆக, பகுத்தறிவைப் பயிற்சியா கொடுக்க முடியும்னுதான் எனக்குத் தோணுது. கொஞ்சமாத்தான் ஏறும், குறிப்பிட்ட கருவியா கொடுத்தாத்தான் ஏறும்.

நம்ம பக்கத்துல யாராவது, ஒரு வாசகர் வட்டமோ, தொழிற்சங்கமோ, பள்ளி ஆசிரியர்களோ, இந்த வேலையை எடுத்தா நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கோங்க, பாம்புக்கடினே வெச்சுக்குவோம். பத்து ஊர்ல, குடும்பத்துக்கு ஒரு அட்டை: என்ன செய்யணும், எங்க போகணும். இன்னொரு பத்து ஊர்ல முதல் வருஷம் வழக்கமான விழிப்புணர்வு நோட்டீஸ் மட்டும், அடுத்த வருஷம் அங்கயும் அட்டை. எந்தப் பத்துக்கு முதல்லங்கிறதைச் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணுங்க. கடிபட்டவங்கள்ல எத்தனை பேர் நேரா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, எவ்வளவு நேரத்துல போனாங்கனு ரெண்டு பக்கமும் எண்ணுங்க. வித்தியாசம் வந்தா அடுத்த தாலுகா. வரலைனா அட்டையை மாத்துங்க. செலவு, அட்டை அச்சடிக்கற காசும் பேருந்துக் கட்டணமும்.

எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் கை தட்டினாங்கங்கிற கணக்கு வேண்டாம். எத்தனை பேர் வேற மாதிரி முடிவு எடுத்தாங்க? அந்த ஒரு எண்ணைத் தேடுற அமைப்பு எந்த ஊர்ல இருந்தாலும், எனக்குச் சொல்லுங்க. அவங்க வேலையைப் பத்தித் தனியா ஒரு குறிப்பு எழுதணும்.